குதிரைக்குட்டியை மிரட்டாமல் பழக்க: புதிதாக வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

குட்டியாக வாங்கி, நம் கையாலேயே வளர்த்து, நாமே ஏறிப் பழக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டதா? வந்ததும் யோசனை சொல்ல ஆட்களும் வந்துவிடுவார்கள். "ரெண்டு நாள் கட்டிப்போடு, தானா அடங்கும்" என்பார் ஒருவர். "பாசமா இருந்தா போதும்" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் கேட்டுத் தலைசுற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: கட்டிப்போட்டால் குட்டி அடங்காது, பயந்து உறைந்து நிற்கும். வெறும் பாசம் காட்டினால் ஒரு வருடத்தில் உங்களை முட்டித் தள்ளிவிட்டுத் தீவனத்துக்குப் போகும். என் குட்டியோடு நான் திணறிய நாட்களில் யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

1. குட்டிதான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

குதிரையோடு பழக்கமே இல்லாதவர் முதல் குதிரையாகக் குட்டியை வாங்க வேண்டாம். பழகிய, வயதான ஒரு குதிரையோடு ஒரு வருடமாவது இருந்துவிட்டு வாருங்கள். ஆறு மாதக் குட்டியை இன்று வாங்கினால் அதன்மேல் முறையாக ஏறி உட்கார மூன்று, மூன்றரை வருடம் ஆகும். அதுவரை செலவு மட்டும்தான்.

அப்புறம், துணை. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியாக வளரும் குட்டிக்கு மற்ற குதிரையோடு எப்படி நடந்துகொள்வது என்றே தெரியாமல் போகும். மனிதர்கள் மட்டுமே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த தாயில்லாக் குட்டிகள் பெரிதானதும் ஆபத்தாக மாறுவது இதனால்தான். எல்லை எது என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஒரு பெரிய குதிரை காதைப் பின்னால் மடக்கி ஒரு முறை முறைத்தால் குட்டி கற்றுக்கொள்வதை நாம் ஒரு மாதம் பாடுபட்டுத்தான் சொல்லித்தர முடியும். வயதில் மூத்த, பொறுமையான குதிரை ஒன்றும் முடிந்தால் அதே வயதுக் குட்டி ஒன்றும் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். இடம் கிடைத்த பிறகு குட்டியைத் தேடலாம்.

2. விலை பேசும் முன் தாள்களைக் கேளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். குட்டி அழகாக இருக்கும், விற்பவர் இனிமையாகப் பேசுவார், தாள் "பின்னால வரும்" என்பார். பின்னால் வராது.

அடையாளச் சீட்டு அல்லது பாஸ்போர்ட்: இதில் குட்டியின் நிறம், வெள்ளைக் குறிகள், நெற்றியிலும் கழுத்திலும் உள்ள மயிர்ச் சுழிகள் எல்லாம் படமாக வரையப்பட்டிருக்கும். சுழிகள் குதிரைக்குக் கைரேகை மாதிரி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குட்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். குட்டி வளரும்போது நிறம் மாறலாம், சுழியின் இடம் மாறாது.

மைக்ரோசிப்: பொதுவாகக் கழுத்தின் இடப்பக்கம், பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே உள்ள தசைநாரில் செலுத்தியிருப்பார்கள். 15 இலக்க எண். உங்கள் கண்முன்னே ஸ்கேன் செய்யச் சொல்லி, சீட்டில் உள்ள எண்ணோடு கடைசி இலக்கம்வரை சரிபாருங்கள்.

தடுப்பூசி, குடற்புழு நீக்கப் பதிவு: "போட்டாச்சு" என்ற வாய்வார்த்தை பதிவாகாது. தேதி, மருந்தின் பெயர், மருத்துவர் கையெழுத்து மூன்றும் வேண்டும். தாய்க்குதிரையின் தடுப்பூசி விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். தாய்க்குப் போட்டிருந்தால் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்புச்சக்தி குட்டிக்குச் சில மாதம் இருக்கும். அதைப் பொறுத்துத்தான் குட்டிக்கு ஊசி எப்போது தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார். வழக்கமாக 4 முதல் 6 மாதத்துக்குள் முதல் டெட்டனஸ் ஊசி, 4 முதல் 6 வாரம் கழித்து இரண்டாவது, ஒரு வயதை ஒட்டி மூன்றாவது. இன்ஃபுளுவென்சா, வெறிநோய் ஊசிகள் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தவை.

ரத்தப் பரிசோதனை: தொற்று ரத்தசோகை நோய் இல்லை என்று காட்டும் காக்கின்ஸ் பரிசோதனையைப் பல நாடுகளில் கட்டாயமாகக் கேட்கிறார்கள். சில இடங்களில் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனையும் உண்டு. ரத்தம் எடுத்து ஆய்வகத்திலிருந்து முடிவு வரச் சில நாள் பிடிக்கும். ஆனால் பயணத்துக்கான உடல்நலச் சான்றிதழ் குறுகிய காலமே செல்லுபடியாகும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, முடிவு வந்ததும் வண்டிக்குத் தேதி, கடைசியில் உடல்நலச் சான்று. இந்த வரிசை மாறினால் சான்று காலாவதியாகிவிடும், மறுபடியும் மருத்துவருக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

விற்பனை ஒப்பந்தம்: ஒரு பக்கம் போதும். இரு தரப்பின் பெயர், சிப் எண், விலை, தேதி, விற்பவருக்குத் தெரிந்த நோய்களும் கெட்ட பழக்கங்களும், எந்த நாளிலிருந்து குட்டிக்கு வரும் கேடு உங்கள் பொறுப்பு, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம். உடைமை மாற்றத்தைப் பதிவு செய்யக் கெடு உண்டா என்று பதிவு அலுவலகத்தில் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மருத்துவச் சோதனைக்கு உங்கள் மருத்துவரை அழைத்துப் போங்கள். விற்பவர் வழக்கமாகக் கூப்பிடுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து அமைதியாகக் காட்டும் தந்திரம் இந்தத் தொழிலில் உண்டு. சோதனையன்று எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அதில் மருந்து தேடலாம். குட்டியை இரண்டு வேறு வேளைகளில் போய்ப் பாருங்கள். முடிந்தால் தாயையும் பாருங்கள். ஆளைக் கண்டதும் மூலைக்கு ஓடும் தாயிடம் வளர்ந்த குட்டிக்கு நீங்கள் கூடுதலாகச் சில மாதம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

3. செலவை மாதக் கணக்காகப் போடுங்கள்

வாங்கும் விலையை மறந்துவிடுங்கள். தீவனம், படுக்கை வைக்கோல், இடவாடகை ஆகியவை மாதச் செலவு. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ லாடக்காரர் வருவார், சிறு குட்டிக்கு இன்னும் நெருக்கமாக வர வேண்டியிருக்கும். சாணப் பரிசோதனை, தடுப்பூசி, பல் சோதனை எல்லாம் வருடத்துக்குள் வந்து போகும் செலவு. ஆண் குட்டியானால் காயடிப்பதற்கு ஒரு தொகை.

எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அதற்குமேல் அவசரத்துக்கு என்று ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள். வயிற்றுவலிக்கு அறுவை செய்ய நேர்ந்தால் குட்டியின் விலையைவிட அதிகமாகிவிடலாம். காப்பீடு எடுப்பதானால் வாங்குவதற்கு முன் நடந்த மருத்துவச் சோதனையின் அறிக்கையைக் கேட்பார்கள், எடுத்து வையுங்கள். குட்டி வேலி தாண்டிச் சாலைக்குப் போய் யாருக்காவது அடிபட்டால் என்ன என்பதையும் காப்பீட்டில் கேளுங்கள். பலரும் கேட்க மறப்பது அதைத்தான்.

சாமான் வாங்கும் ஆசையை அடக்குங்கள். முகக்கயிறு மூன்று நான்கு அளவில் தேவைப்படும், பழையதே போதும். சேணத்தை இப்போதே வாங்க வேண்டாம். ஐந்து ஆறு வயதுவரை முதுகின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும்.

தீவனத்தில் ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் பெரிதாகட்டும் என்று தானியத்தைக் கொட்டி வளர்த்தால் மூட்டுக் குருத்தெலும்பு கெடும். கால்சியம் எப்போதும் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு நல்லது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், அதனால் தவிடு மட்டும் போட்டு வளர்ப்பது எலும்புக்குக் கேடு. புதுத் தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றாமல் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பழைய இடத்துத் தீவனம் ஒரு மூட்டையைக் குட்டியோடு சேர்த்தே வாங்கி வருவது நல்லது.

4. உங்களிடமே பிறக்கும் குட்டியானால்

சினைக்காலம் சுமார் 340 நாள், இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம். பிறந்த பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று நினைவில் வையுங்கள்: 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். இதில் எது தவறினாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் முதல் நாளில்தான் உறிஞ்சும், அதிலும் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். போதுமான அளவு ஏறியிருக்கிறதா என்று 24 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

பிறந்த நிமிடமே குட்டியை அமுக்கிப் பிடித்து, உடம்பெல்லாம் தேய்த்து, காதுக்குள் விரல்விட்டு "பதியவைக்கும்" முறை ஒன்று பிரபலமானது. ஆய்வுகளில் அதற்கு நிலைத்த பலன் தெரியவில்லை. தாயும் குட்டியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் நேரத்தில் நாம் குறுக்கே நிற்பதுதான் மிச்சம். அதற்குப் பதிலாக முதல் சில நாள் குட்டி பார்க்க அதன் தாயைப் பதமாக பிரஷ் செய்யுங்கள். தாய் நிம்மதியாக நிற்பதைப் பார்த்துக் குட்டியே முகர வரும்.

5. குட்டி தானாகக் கிட்டே வரட்டும்

புதிதாக வந்த குட்டியை முதல் நாளே பிடிக்கப் போகாதீர்கள். அடைப்புக்குள் போய் ஒரு பக்கமாகத் திரும்பி நில்லுங்கள். குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்வை உண்டு. நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் தோள்பக்கமாகச் சாய்ந்து நடங்கள். நேராக முகத்தை நோக்கிக் கை நீட்டாதீர்கள்.

குட்டி இரண்டு காதையும் உங்கள் பக்கம் திருப்பி உங்களைப் பார்த்தால், நீங்கள் ஒரு அடி பின்வாங்குங்கள். விசித்திரமாகத் தோன்றும், செய்து பாருங்கள். தன்னால் உங்களை விலக்க முடியும் என்று தெரிந்த குட்டிக்கு ஓட அவசியமில்லை. கிட்டே வந்து முகர்ந்தால் முதலில் தொட வேண்டிய இடம் பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேடு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே இறங்கும். மேலுதடு நீண்டு துடிக்க ஆரம்பித்தால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நன்றாக இருக்கும்போதே கையை எடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சொறிதல் பிடித்துப்போன குட்டி, பின்பக்கத்தைத் திருப்பி உங்கள் மேல் சாய்ந்து "இங்கேயும் சொறி" என்று நிற்கும். 60 கிலோவில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதே குட்டி 400 கிலோ ஆன பிறகும் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வரும், அப்போது அது சொறியக் கேட்கிறதா உதைக்க வருகிறதா என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. முன்காலை உங்கள் மேல் தூக்கி விளையாடுவதும் அப்படித்தான். திட்டவோ அடிக்கவோ வேண்டாம். அது திரும்பியதும் நீங்கள் நகர்ந்து, தோள்பக்கம் வந்தால் மட்டும் சொறியுங்கள். கையிலிருந்து தின்பண்டம் ஊட்டுவதும் சிறு குட்டிக்கு வேண்டாம், கடிக்கப் பழகும். கொடுப்பதானால் பாத்திரத்தில் வையுங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து.

6. முகக்கயிறும் கூட நடப்பதும்

நம்பிக்கையின் அடிப்படைப் பாடம் இங்கேதான் நடக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முகக்கயிற்றை முதலில் முகரக் கொடுத்து, கழுத்தில் உரசி, மூக்கைச் சுற்றி வரும் அதன் வளையத்தை ஏற்றி இறக்கி, பிறகு ஒருநாள் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். குட்டிகள் பின்காலைத் தூக்கிக் காதோரம் சொறியும். குளம்பு கயிற்றில் மாட்டினால் கழுத்து முறியலாம். மேய்ச்சலில் மாட்டியே வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் சட்டென்று அறுந்துவிடும் தோல்வார் உள்ளதை வாங்குங்கள்.

இப்போது பிடிகயிறு. நேர் முன்னால் நின்று இழுத்தால் குட்டி எதிர்த்து இழுக்கும், முன்காலைத் தூக்கும், மல்லாந்து விழும். உச்சந்தலை தரையில் அடிபட்டால் பிழைப்பது கடினம். அதனால் குட்டியின் தோளுக்கு அருகே நின்று சற்றுப் பக்கவாட்டில் கேளுங்கள். கயிற்றில் உள்ள தொய்வை மட்டும் எடுங்கள். விரலில் லேசான பளு தெரியும். அதற்குமேல் கூட்டாதீர்கள், விடவும் செய்யாதீர்கள். குட்டி தலையைத் தூக்கும், கழுத்தை விறைக்கும், ஒரு காதைத் திருப்பும். நீங்கள் அப்படியே இருங்கள். திடீரென்று எடை மாறும், உங்கள் பக்கத்து முன்கால் தரையிலிருந்து எழும்பும். குளம்பு மண்ணில் மறுபடி பதியும் முன்பே கயிறு தொய்ந்திருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் எதற்காக விட்டோம் என்பது குட்டிக்குப் புரியாது. கயிற்றை விட்ட அந்தக் கணத்தில்தான் அது கற்றுக்கொள்கிறது. இழுத்துக்கொண்டிருக்கும்வரை வழியைத் தேடிக்கொண்டுதான் இருக்கும். பிடரி மேட்டைச் சொறிந்து, கொஞ்சம் நின்று, மறுபடி கேளுங்கள். ஒரு அடி இரண்டாகும், இரண்டு நாலாகும்.

தாயோடு இருக்கும் குட்டியானால் வேலை பாதி. ஒருவர் தாயை முன்னால் நடத்த, நீங்கள் குட்டியின் தொடைக்குப் பின்னால் ஒரு மெல்லிய கயிற்றை வளைத்துப் பிடித்து நடந்தால் தலையில் இழுவையே இருக்காது.

கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். கையுறை போடுங்கள். கட்டிப்போடுவதை அவசரப்படுத்த வேண்டாம். மெல்லிய அழுத்தத்துக்கு முன்னால் வரத் தெரியாத குட்டியைத் தூணில் இறுக்கிக் கட்டினால் மிரண்டு பின்னால் இழுத்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ளும்.

குட்டி வாயைச் சப்பினால் "புரிந்துகொண்டது" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். பதற்றம் இறங்கும்போதும் அது சப்பும். அதாவது அதற்கு முன்னால் பதற்றம் இருந்தது என்று பொருள். அடுத்த முறை இன்னும் மெல்லக் கேளுங்கள். அதேபோல், "நீதான் தலைவன் என்று காட்டு" என்று சொல்லிக் குட்டியை வட்டமாக ஓடவிட்டுக் களைக்கவைக்கும் முறையும் எனக்கு உடன்பாடில்லை. களைத்து நிற்பதை ஏன் மரியாதை என்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. வளரும் மூட்டுகளுக்கு வட்டத்தில் ஓடுவது கெடுதல் வேறு.

7. லாடக்காரர் வரும் முன் குளம்பு தூக்கப் பழக்குங்கள்

குளம்பு சீவுவது குட்டிக்கு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். கால் தூக்கப் பழக்கும் வேலையை லாடக்காரர் தலையில் கட்டாதீர்கள். அவருக்கு நேரம் இல்லை, பலம் இருக்கிறது. அந்தச் சேர்க்கை குட்டிக்கு நல்லதில்லை.

தோளிலிருந்து கையை வழுக்கிக்கொண்டு முழங்கால், கணுக்கால் வரை போங்கள். கால் லேசாக எழும்பினால் பிடித்து, அரை நொடியில் நீங்களே கீழே வையுங்கள். குட்டி உதறிப் பிடுங்கிக்கொள்ளும் முன் வைப்பதுதான் நுணுக்கம். நேரத்தைப் போகப்போகக் கூட்டலாம். பின்காலுக்கு இடுப்பை ஒட்டி நில்லுங்கள். கை நீளத் தூரத்தில் நின்றால் உதையின் முழு வேகமும் உங்கள் மேல் விழும். பயமாக இருந்தால் ஒரு நீளக்கோலின் முனையில் கையுறையைக் கட்டி அதால் காலைத் தடவிப் பழக்குங்கள்.

8. பால் மறக்கடித்தல்

பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்தில் பிரிக்கிறார்கள். இயற்கையில் தாய் தானாக விலக்குவது இதைவிட வெகு தாமதமாக, ஒரு வயதை ஒட்டி. அவசரம் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். பிரிப்பதற்கு முன் குட்டி உலர்புல்லும் தீவனமும் நன்றாகத் தின்ன வேண்டும், முகக்கயிற்றில் நடக்க வேண்டும். தெரிந்த இடத்தில் தெரிந்த துணையோடு குட்டி இருக்க, தாயை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். தடுப்பூசி, காயடிப்பு, பயணம், பிரிவு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு வாரமாவது விடுங்கள். விற்பவர் "வந்து தூக்கிட்டுப் போங்க, அன்னிக்கே பிரிச்சுடலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆண் குட்டி ஒரு வயதை நெருங்கும்போது பெட்டைகளிடமிருந்து, தாயிடமிருந்தும், தனியாக இருக்க வேண்டும். அந்த வயதிலேயே சினைப்படுத்த முடியும். காயடிப்பு 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள். இரண்டு விதைகளும் இறங்கியிருக்க வேண்டும், டெட்டனஸ் ஊசி முடிந்திருக்க வேண்டும், ஈ குறைந்த பருவமாக இருக்க வேண்டும். அதன் பிறகும் சில வாரம் தனியாகவே வையுங்கள்.

9. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை

ஒரு வயதில் குட்டி இறுதி உயரத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடும், எடையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும். பார்க்கப் பெரிய குதிரை, உள்ளே குழந்தை. இந்த இரண்டு வருடமும் பெரும்பாலான நேரம் மற்ற குதிரைகளோடு வெளியே ஓடித் திரிந்தாலே எலும்பும் தசைநாரும் உறுதியாகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்துப் பதினைந்து நிமிடம் நீங்கள் வேலை செய்தால் போதும். தார்ப்பாய் மேல் நடப்பது, குடையைப் பார்ப்பது, தண்ணீரில் கால் வைப்பது, மருத்துவர் வாயையும் காதையும் தொட நிற்பது. புதுப் பொருளைக் குட்டியின் மேல் கொண்டுபோகாதீர்கள். பொருளை நீங்கள் விலகி நடக்கும் திசையில் எடுத்துப் போனால் குட்டி பின்தொடர்ந்து வந்து பார்க்கும்.

வண்டியில் ஏற்றுவதையும் இப்போதே தொடங்குங்கள், ஓட்டிப்போக எங்கும் இல்லாத நாளில். டிரெய்லரை இழுவண்டியோடு பூட்டி, எல்லாக் கதவையும் திறந்து, வெளிச்சமாக வையுங்கள். ஒரு கால் வைத்தால் அது இறங்கும் முன் நீங்களே பின்னால் வரச் சொல்லுங்கள். பின்னால் இறங்கத் தெரிந்த குட்டிதான் பயமில்லாமல் ஏறும். பூட்டும் வரிசை முக்கியம்: ஏறிய பிறகு முதலில் பின்கம்பி (குட்டியின் பின்னால் குறுக்கே போடும் கம்பி), அப்புறம் தலைக்கயிறு. இறக்கும்போது முதலில் தலைக்கயிறு, அப்புறம்தான் பின்கம்பி. மாற்றிச் செய்தால் தலை கட்டியிருக்கும்போதே குட்டி பின்னால் பாயும்.

10. முதுகில் ஏறும் முன்

பல் முதலில். பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வருவது சுமார் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில். கடைவாய்ப் பற்களும் அதே காலத்தில் மாறும். ஓநாய்ப்பல் என்ற சிறு பல் இருந்தால் கடிவாளம் அதன்மேல் பட்டு வலிக்கும். கடிவாளம் போடும் முன் பல் மருத்துவரை ஒருமுறை வரவழையுங்கள்.

அடுத்து எலும்பு. முன்கால் முழங்காலுக்கு மேலே உள்ள வளர்தட்டு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி) மூடச் சுமார் இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்புக்கு ஐந்து ஆறு வயது ஆகும். அதனால் மூன்றரை, நான்கு வயதில் சிறு அளவில் தொடங்கி, சில வாரம் பழக்கிவிட்டு, மறுபடி சில மாதம் ஓய்வுக்கு விடுவதுதான் எனக்குப் பிடித்த முறை. ஓய்விலிருந்து திரும்பும் குட்டி பாடத்தை மறந்திருக்காது.

எடையைக் கணக்குப் போடுங்கள். வளர்ந்த குதிரைக்கே ஏறுபவரும் சேணமும் சேர்த்து உடல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். இளங்குதிரைக்கு 15 சதவீதத்தோடு நிறுத்துங்கள். 350 கிலோ குதிரைக்கு அது 52 கிலோ. சேணம் 8 கிலோ என்றால் ஏறுபவர் 44 கிலோ. உங்கள் எடையைப் பார்த்துவிட்டு, முதல் ஏற்றத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து வையுங்கள்.

ஏறும் வேலை பல நாட்களில் பிரிந்து நடக்கும். சேணத்துணி, பின்பு சேணம், சேணத்தை வயிற்றோடு கட்டும் வாரை ஒரு துளை ஒரு துளையாக இறுக்குவது, நீண்ட கடிவாளத்தில் பின்னால் நடந்து திருப்பக் கற்றுத் தருவது. அப்புறம் ஒருவர் தலையருகே நிற்க, மற்றவர் முதுகில் வயிற்றைச் சாய்த்து இறங்குவது. மூச்சு சீராக, காது மெல்ல அசைந்துகொண்டிருந்தால் அடுத்த நாள் ஒரு காலை மறுபக்கம் போட்டு உட்காரலாம். தலைக்கவசம், குதிகால் உள்ள காலணி இரண்டும் கட்டாயம். முதல் சவாரிகள் பத்து நிமிடத்தோடு முடியட்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்த குட்டி இன்று வாரைக் கட்டும்போது கடிக்க வந்தால் பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். முதுகு, வயிறு, பல், குளம்பு நான்கையும் மருத்துவர் பார்க்கட்டும். தின்னாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால் அது வயிற்றுவலி. அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

11. பயிற்சியாளரிடம் விடுவதானால்

ஏறிப் பழக்குவதை மட்டும் ஆள் வைத்துச் செய்வது நல்ல முடிவுதான். ஆனால் "முப்பது நாளில் ரெடி" என்பவரிடம் விடாதீர்கள். அந்த அவசரத்தில் குட்டியைக் கட்டிவைத்துச் சாக்கால் அடித்து மிரட்டி மரத்துப்போகச் செய்வார்கள். அது அமைதியாக நிற்பதாகத் தெரியும், பயம் உள்ளேயே இருக்கும். எதிர்பாராத நாளில் வெடிக்கும்.

போய்ப் பார்க்கும்போது அவருடைய நல்ல குதிரையைக் காட்டச் சொல்லாதீர்கள். இரண்டாவது வாரத்தில் இருக்கும் ஒரு குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அவர் அடைப்புக்குள் நுழைந்ததும் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், தயங்கினால் வேறு இடம் தேடுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: மாதக் கட்டணத்தில் தீவனமும் லாடக்காரரும் அடங்குமா, யார் ஏறுவார்கள், அவர் எடை என்ன, நாளுக்கு எத்தனை நிமிடம், மருத்துவச் செலவுக்கு உங்களைக் கேட்காமல் எந்தத் தொகைவரை போகலாம், மயக்க மருந்து உங்கள் அனுமதியின்றிக் கூடாது, அடிபட்டால் யார் பொறுப்பு. பணத்தை மாதாமாதம் கொடுங்கள், மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். கடைசி வாரம் நீங்களும் அங்கே போய், அவர் பார்க்க நீங்களே குட்டியைப் பிடித்து, சேணம் போட்டு, நடத்திப் பழகிவிட்டு அழைத்து வாருங்கள். பாஸ்போர்ட்டையும் தடுப்பூசிப் பதிவையும் கிளம்பும் முன் திரும்பக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.